குறுக்கி எழுதுவோரும் விரித்துப் படிப்போரும்

பத்திரம் எழுதும் ஒருவர் தம் ஆயுட்காலத்தில் எத்தனை ஆயிரம் கிரய சாசனங்களை எழுதி முடித்தாலும், அவற்றில் ஒவ்வொரு முறையும் அவர் புதிதாக எழுதுவது விற்பவர் பெயர், வாங்குபவர் பெயர், தொகை, சர்வே எண், நான்கு எல்லைகள் ஆகிய சில வரிகளே. சுவாதீனம் ஒப்படைக்கப்பட்டது என்பதும், சொத்தின் பேரில் யாதொரு வில்லங்கமும் இல்லை என்பதும், பின்னிட்டு ஏதேனும் வில்லங்கம் தோன்றினால் விற்பவரே தம் சொந்தச் செலவில் தீர்த்துக் கொடுப்பார் என்பதும், பாட்டனார் காலத்துப் பத்திரத்தில் இருந்தபடியே பேரனுடைய பத்திரத்திலும் வந்து அமர்ந்துவிடுகின்றன. வக்கீல் நோட்டீஸும், வங்கிக் கடிதமும், சர்க்கார் அலுவலகத்துக் குறிப்பும், ஆஸ்பத்திரியில் டாக்டர் எழுதும் பரிசோதனைக் குறிப்பும் இதே ஜாதியைச் சேர்ந்தவைதாம். உலகத்தில் எழுதப்படுவனவற்றுள் பெரும்பகுதி, முன்பே எழுதியதை மறுபடி எழுதுவதாகத்தான் இருக்கிறது என்று சொன்னால் இலக்கியகர்த்தர்கள் வேண்டுமானால் வருத்தப்படலாம்; குமாஸ்தாக்கள் ஒப்புக்கொள்வார்கள்.

இந்தச் சிரமத்தைக் குறைத்துக்கொள்ள மனிதன் கண்ட முதல் உபாயம் குறுக்கி எழுதுவது. நம் பழைய கணக்குப் புத்தகங்களிலும் சாசனங்களிலும் வருஷத்துக்கு ௵ என்றும், மாதத்துக்கு ௴ என்றும், தேதிக்கு ௳ என்றும், பற்றுக்கு ௶, வரவுக்கு ௷ என்றும், 'மேற்படி' என்பதற்கு ௸ என்றும் குறிகள் வழங்கிவந்தன. எழுத்தாணியும் பேனாவும் போய் அச்சு வந்தபின் இவை மெல்ல மறைந்தன எனினும், ஜாதகக் குறிப்புகளிலும் கல்யாணப் பத்திரிகைகளிலும் சில இன்னும் உயிரோடிருக்கின்றன. கணினிக்கான ஒருங்குறியின் நான்காம் பதிப்பு 2003-ல் வெளியானபோது இவற்றுக்கெல்லாம் நிரந்தரமாக இடம் கிடைத்தது. ரோமாபுரியில் சிசரோவின் அடிமையாக இருந்து பின்பு விடுதலை பெற்ற டைரோ என்பவர் இவ்விதமாகவே ஒரு சுருக்கெழுத்து முறையை வகுத்தார் என்பது மரபு. அவர் பெயரால் வழங்கும் குறிகளுள் ஒன்று, இரு சொற்களை இணைப்பதற்காக, அயர்லாந்தின் அறிவிப்புப் பலகைகளில் இன்றும் காணக் கிடைக்கிறது. இவற்றிலெல்லாம் எழுதியவர் குறுக்கினார், படித்தவர் விரித்துக்கொண்டார். ௸ என்னும் குறியைக் கண்டவுடன் 'மேற்படி' என்று வாய்விட்டுப் படிக்கும் பயிற்சி படிப்பவருக்கு இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கணக்கு அவருக்கு வெறும் கோலம்.

தந்தி வந்த பிறகு, குறுக்குவது சௌகரியம் என்னும் நிலையிலிருந்து அவசியம் என்னும் நிலைக்கு உயர்ந்தது. கம்பியில் போகிற ஒவ்வொரு சொல்லுக்கும் காலமும் காசும் கணக்காயின அல்லவா? 1879-ல் அமெரிக்காவில் வால்டர் பிலிப்ஸ் என்னும் பத்திரிகைத் தந்திக்காரர், செய்திகளில் அடிக்கடி வரும் சொற்களையும் தொடர்களையும் இரண்டு மூன்று எழுத்துகளில் அடக்கி ஒரு பரிபாஷைப் புத்தகம் வெளியிட்டார். அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தை இன்றும் பத்திரிகைகள் 'ஸ்காட்டஸ்' என்று குறிப்பிடுவதற்கு அந்தப் புத்தகமே பிள்ளையார் சுழி போட்டது. ஓர் ஊரில் ஒருவர் குறுக்கித் தட்டுவார். மற்றோர் ஊரில் ஒருவர் அந்தச் சத்தத்தைக் காதால் கேட்டுக்கொண்டே, முழு வாக்கியங்களாக டைப் அடித்து ஆசிரியர் மேஜைக்கு அனுப்புவார். நம் தேசத்துத் தந்தி ஆபீஸ்களிலும் வாழ்த்துத் தந்திக்கென்று ஒரு பட்டியல் இருந்ததை வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தீபாவளிக்கு ஒரு வாக்கியம், கல்யாணத்துக்கு ஒரு வாக்கியம், பரீட்சையில் தேறியவருக்கு ஒரு வாக்கியம் என்று அச்சிட்டுவைத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்திருந்தார்கள். அனுப்புகிறவர் அந்த எண்ணைக் குறிப்பிட்டால் போதும். கம்பியில் எண் மட்டும் ஓடும். பெறுகிற ஆபீஸில் அது மங்களகரமான ஒரு முழு வாக்கியமாக விரிந்து, கல்யாணப் பந்தலுக்குப் போய்ச் சேரும். 2013 ஜூலையில் தந்திச் சேவையே நின்றுபோயிற்று.

ஆக, குறுக்கத்தின் சரித்திரத்தை 'விரிக்கிறவர் யார்?' என்னும் ஒரே கேள்வியைக் கொண்டு அளந்துவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. கணக்குப் புத்தகத்தில் விரித்தவர் படிப்பவர். தந்தியில் விரித்தவர் நடுவில் உட்கார்ந்திருந்த ஒரு சிப்பந்தி. கணினியிலோ, எழுதுகிறவருடைய விரலின் கீழேயே, அவர் எழுதிக்கொண்டிருக்கிற அதே க்ஷணத்தில், ஒரு யந்திரம் விரித்துவிடுகிறது. குறுக்கத்தைப் படிப்பவர் பார்ப்பதே இல்லை. அந்தக் கடிதத்தில் எந்த வாக்கியம் யோசித்து எழுதப்பட்டது, எது மூன்று எழுத்தைத் தட்டியதால் முளைத்தது என்பதை அவரால் கண்டுபிடிக்க முடியாது. இதில் உள்ள லாபமும் அபாயமும் இந்த ஒரு விஷயத்திலிருந்தே பிறக்கின்றன.

கணினியில் இந்த வித்தை புதிதன்று. 1976-ம் ஆண்டளவில் தோன்றி இன்றும் நிரல் எழுதுவோர் கையாளும் ஈமாக்ஸ், வீஐ என்னும் இரண்டு எழுதுகருவிகளிலும் குறுக்கங்களைப் பதிந்துவைத்து விரித்துக்கொள்ளும் வசதி உண்டு. ஆனால் சாதாரண ஜனங்களின் மேஜைக்கு அதைக் கொண்டுவந்தது மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் வேர்டு என்னும் செயலிதான். அதன் ஆரம்பப் பதிப்புகளில் ஒரு சொற்கோவை இருந்தது. அடிக்கடி வேண்டிய வாசகத்தை ஒரு பெயரிட்டு அதில் வைத்துவிட்டு, பிறகு அந்தப் பெயரைத் தட்டி எஃப்3 என்னும் விசையை அழுத்தினால் முழு வாசகமும் வந்து நிற்கும். சௌகரியமான ஏற்பாடுதான், ஆனால் எஃப்3-ஐ அழுத்த வேண்டும் என்பது யாருக்கு நினைவிருக்கிறது? 1990-களின் தொடக்கத்தில் அங்கே வேலை பார்த்த டீன் ஹாச்சமோவிச் என்பவருக்கு ஓர் எளிய உண்மை புலப்பட்டது. ஆங்கிலத்தில் எழுதுகிறவர் ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் இடைவெளிக் கட்டையை அழுத்தியே தீருகிறார். அந்த அழுத்தத்தையே சமிக்ஞையாக எடுத்துக்கொண்டால் தனி விசை எதற்கு? 'தி' என்னும் ஆங்கிலச் சொல்லின் மூன்று எழுத்துகளை அவசரத்தில் இடம் மாற்றித் தட்டிவிட்டால், எழுதியவர் கவனிப்பதற்கு முன்பே அது நேராகிவிடும்படி செய்தார். 1993-ல் வெளிவந்த ஆறாம் பதிப்பிலிருந்து இது 'ஆட்டோகரெக்ட்' என்று உலகப் பிரசித்தி பெற்றது. பிழை திருத்துவதற்கென்று பிறந்த அந்தப் பட்டியலில், பிழையே அல்லாத ஒரு குறுக்கத்தையும் அதற்குரிய நீண்ட வாசகத்தையும் நாமே சேர்த்துக்கொள்ளலாம் என்பதைப் பல அலுவலகங்களில் இன்றும் அறியாமல் இருக்கிறார்கள்.

வேர்டு செய்வது வேர்டுக்குள் மட்டுமே செல்லும். மின்னஞ்சலிலும், பிரௌசரிலும், கணக்குச் செயலியிலும், எங்கே எழுதினாலும் ஒரே பட்டியல் நமக்கு ஊழியம் செய்ய வேண்டுமானால், எல்லாவற்றுக்கும் அடியில் நின்று விசைப்பலகையையே கவனிக்கும் ஒரு தனி நிரல் தேவைப்படுகிறது. ஆப்பிள் கணினிகளில் டெக்ஸ்ட்எக்ஸ்பாண்டர் முதலான விலைக்கு விற்கும் செயலிகளும், லினக்ஸ் உட்பட மூன்று தளங்களிலும் ஓடும் எஸ்பான்ஸோ என்னும் இலவசச் செயலியும் இருக்கின்றன. விண்டோஸ் கணினியில் பெயர் பெற்றது ஆட்டோஹாட்கீ. அதன் பிறப்பிலும் ஒரு சுவாரஸ்யம் உண்டு. கிறிஸ் மாலெட் என்பவர், ஆட்டோஇட் என்னும் வேறொரு தானியங்கு மொழியில் குறுக்குவிசை வசதியைச் சேர்க்கலாமே என்று யோசனை சொல்லிப் பார்த்தார். அங்கே அதற்கு ஆதரவு கிடைக்கவில்லை. ஆகவே தாமே ஒன்றை எழுதி, 2003 நவம்பரில் வெளியிட்டார். இன்றுவரை அது விலையில்லாமல் கிடைக்கிறது. அதன் மூல நிரலும் யாவருக்கும் திறந்தே இருக்கிறது.

ஆட்டோஹாட்கீயில் ஒரு குறுக்கத்தைச் சொல்லிவைப்பது மிக எளிது. சாதாரண எழுத்துக் கோப்பு ஒன்றில் ஒரு வரி எழுத வேண்டும். இரண்டு முக்காற்புள்ளி, குறுக்கம், மறுபடி இரண்டு முக்காற்புள்ளி, பிறகு விரிவு. நம் பத்திர எழுத்தர் இப்படி எழுதிக்கொள்ளலாம்:

::யவல::சொத்தின் பேரில் யாதொரு வில்லங்கமும் இல்லை

அவ்வளவுதான். கோப்பைச் சேமித்து ஓடவிட்டால், அதற்குப் பிறகு அவர் எந்தச் செயலியில் 'யவல' என்று தட்டி இடைவெளியோ, காற்புள்ளியோ, முற்றுப்புள்ளியோ இட்டாலும் முழு வாக்கியமும் அந்த இடத்தில் வந்து நிற்கும்.

இது நடக்கும் விதத்தைத் தெரிந்துகொண்டால், பின்னால் வரும் சங்கடங்கள் யாவும் தாமே விளங்கும். விசையை அழுத்தும்போதெல்லாம் அந்தச் செய்தி நாம் எழுதிக்கொண்டிருக்கும் செயலிக்குப் போவதற்கு முன்னால், விண்டோஸ் அனுமதிக்கும் ஒரு கொக்கியின் வழியாக இந்த நிரலுக்கும் தெரிகிறது. நிரல், முதலாளியின் பின்னால் நின்று சிட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கும் கணக்கப்பிள்ளையைப் போல, கடைசியாக அழுத்திய சில எழுத்துகளைத் தன் ஞாபகத்தில் வைத்துக்கொண்டே வருகிறது. அவை பட்டியலிலுள்ள ஏதாவதொரு குறுக்கத்தோடு பொருந்தி, அதன் பின் ஒரு முடிவுக் குறியும் வந்துவிட்டால், அது நம்முடைய கையைப்போலவே பாவனை செய்து, குறுக்கத்தில் எத்தனை எழுத்தோ அத்தனை முறை பேக்ஸ்பேஸை அழுத்தி அதை அழித்துவிட்டு, விரிவை எழுத்தெழுத்தாகத் தட்டிவிடுகிறது. நாம் எழுதும் காகிதத்தை அது பார்ப்பதே இல்லை. நம் விரல்களை மட்டுமே பார்க்கிறது. அதனால்தான் குறுக்கத்தில் பாதியைத் தட்டிவிட்டு, மௌஸால் வேறிடத்தில் சொடுக்கிவிட்டு வந்து மீதியைத் தட்டினால் ஒன்றும் நடப்பதில்லை. சொடுக்கியவுடன் அது தன் ஞாபகத்தைத் துடைத்துக்கொள்கிறது, ஏனெனில் இப்போது எழுத்து எங்கே விழும் என்று அதற்குத் தெரியாது. ஆங்கிலத்தில் குறுக்கத்தின் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாகத் தட்டினால் விரிவின் முதலெழுத்தும் பெரியதாகவே வரும் என்பது அதன் மரியாதைகளுள் ஒன்று. தமிழுக்கு அந்த மரியாதை தேவைப்படவில்லை.

குறுக்கத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் ஒருவருடைய சாமர்த்தியம் வெளிப்படும். நாற்பது எழுத்து வரை நீளலாம் என்று ஆட்டோஹாட்கீ அனுமதிக்கிறது. நாற்பது எழுத்தில் குறுக்கம் வைத்துக்கொள்கிற ஒருவரை நான் கற்பனை செய்து பார்க்க முயன்று தோற்றேன். மூன்றோ நான்கோ எழுத்து உசிதம். அது நிஜமான ஒரு சொல்லாக இருக்கவே கூடாது. ஒரு நீண்ட விண்ணப்பத்தின் முகப்பு முழுவதற்கும் 'மனு' என்று குறுக்கம் வைத்துக்கொண்ட குமாஸ்தா, அன்றிலிருந்து 'மனு' என்னும் சொல்லைத் தனியே எழுத முடியாதவராகிவிடுவார். 'தங்கள் மனு கிடைத்தது' என்று எழுதப் போனால், நடுவிலே ஒரு விண்ணப்பமே வந்து விழும். ஆகையால் அனுபவஸ்தர்கள் குறுக்கத்தின் முன்னே ஓர் அரைப்புள்ளி சேர்த்து ';மனு' என்று வைத்துக்கொள்கிறார்கள். அரைப்புள்ளியை ஒட்டி இடைவெளியின்றி ஒரு சொல் இயல்பான எழுத்தில் வருவதில்லை அல்லவா? முடிவுக் குறிக்குக்கூடக் காத்திராமல் உடனே விரிய வேண்டுமென்றால் முதல் இரண்டு முக்காற்புள்ளிகளுக்கு நடுவே ஒரு நட்சத்திரக் குறி இடலாம்; ஆனால் அப்படிச் செய்தவர் ';கட' என்று ஒன்றும் ';கடத' என்று மற்றொன்றும் வைத்தால், முதலாவது எப்போதும் முந்திக்கொண்டு விரிந்துவிடும்; இரண்டாவதற்கு ஜன்மத்திலும் வாய்ப்புக் கிடைக்காது. இவற்றுக்கெல்லாம் மேலாக, குறுக்கம் நினைவில் நிற்க வேண்டும். ஐந்நூறு குறுக்கங்களைச் சேர்த்துவிட்டு இருபதை மட்டும் உபயோகிப்பவரைவிட, முப்பதைச் சேர்த்து முப்பதையும் உபயோகிப்பவர் அதிக லாபம் அடைகிறார் என்பது என் அபிப்பிராயம்.

தமிழில் எழுதுவோருக்கு இந்த விஷயத்தில் ஒரு தனி வாசனை உண்டு. நாம் கணினியில் தமிழ் எழுதுவதே ஒருவகையில் குறுக்கி விரிப்பதுதான். 1999-ல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற தமிழ் 99 விசைப்பலகையில் உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று ஆக 31 விசைகளைக் கொண்டே 247 எழுத்துகளையும் அமைக்கிறோம். ஒரே மெய்க்குரிய விசையை இருமுறை அழுத்தினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக வந்துவிடும். மெல்லினத்தை அடுத்து அதற்கு இனமான வல்லினம் வந்தாலும் அவ்வாறே. 'பக்கம்' என்று எழுதும்போது நடுவிலுள்ள புள்ளியை நாம் வைப்பதில்லை. தமிழ் இலக்கணத்தின் ஸ்வபாவத்தை அறிந்த நிரல் வைக்கிறது. ஆங்கில எழுத்தில் ஒலியைத் தட்டித் தமிழைப் பெறுகிறவர்களுக்கும் பின்னணியில் நடப்பது இந்த மாற்றுவேலைதான்.

இப்படி விசைக்கும் திரைக்கும் நடுவே ஒரு நிரல் முன்பே உட்கார்ந்திருப்பதால், இரண்டாவதாக வரும் விரிப்பு நிரலுக்குச் சில இடங்களில் தடுமாற்றம் நேர்கிறது. 'மேகு' என்பது நம் கண்ணுக்கு இரண்டு எழுத்து. ஒருங்குறியின் கணக்கிலோ மகரம், ஏகாரக் குறி, ககரம், உகரக் குறி என்று நான்கு. சில செயலிகளில் ஒரு பேக்ஸ்பேஸுக்கு உயிர்க்குறி மட்டும் அழியும். வேறு சிலவற்றில் எழுத்து முழுவதும் போய்விடும். எத்தனை முறை அழிக்க வேண்டும் என்னும் கணக்கு தவறினால் குறுக்கத்தின் மிச்சம் தொங்கிக்கொண்டிருக்கும், அல்லது முந்தின சொல்லின் வால் அறுபடும். நம் எழுத்தரின் குறுக்கத்தை உயிர்க்குறியே இல்லாமல் 'யவல' என்று அமைத்த ரகசியம் இதுதான். ஒரே எழுத்து அடுத்தடுத்து வராமல் பார்த்துக்கொள்வதும் நல்லது; தமிழ் 99 அங்கே புள்ளி வைத்துவிடும். தமிழ்ச் செயலியும் விரிப்பு நிரலும் ஒத்தே போகாத கணினிகளும் உண்டு. அங்கே குறுக்கத்தை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொண்டு, விரிவை மட்டும் தமிழில் வைத்துக்கொள்வதே வழி. பட்டியல் கோப்பை யூடிஎஃப்-8 என்னும் குறியீட்டில் சேமிக்க வேண்டும். ஆட்டோஹாட்கீயின் முதற்பதிப்பில் இதைக் கவனியாதவர்களுக்குத் தமிழ் வாக்கியத்துக்குப் பதிலாக விசித்திரமான லத்தீன் எழுத்துகளின் ஊர்வலம் கிடைத்தது.

எழுத்தைச் சாராமல் விசையையே சார்ந்து நிற்பது குறுக்குவிசை. ஒரு சேர்க்கை விசையை அழுத்தியவுடன் ஒரு காரியம் நடக்க வேண்டும். வாக்கியம் வரலாம், செயலி திறக்கலாம், இன்றைய தேதி விழலாம், ஒரு கோப்பு அச்சுக்குப் போகலாம். ஆட்டோஹாட்கீயில் கண்ட்ரோலுக்கு ^, ஆல்டுக்கு !, ஷிஃப்டுக்கு +, விண்டோஸ் விசைக்கு # என்று குறிகள். இந்தச் செயலியில் இருக்கும்போது மட்டும் இந்த விசைக்கு இந்த அர்த்தம் என்று நியமம் வைக்கவும் முடியும். விசைச் சேர்க்கைகளைத் தேர்ந்தெடுப்பதிலும் பழைய ஞானம் ஒன்று உண்டு. வெட்டு, நகலெடு, ஒட்டு என்னும் காரியங்களை வகுத்தவர்களுள் முதன்மையானவர் ஜெராக்ஸ் ஆராய்ச்சிச் சாலையில் இருந்த லாரி டெஸ்லர். பிற்பாடு ஆப்பிள் கணினியில் அவற்றுக்கு அமைந்த விசைகள் விசைப்பலகையின் அடிவரிசையில் அடுத்தடுத்து, ஒரே கையால் எட்டும்படி இருக்கின்றன. அடிக்கடி வேண்டியது அருகில் இருக்கட்டும் என்னும் தத்துவம் அது. இதற்கு நேர்மாறான தத்துவத்தை 1981-ல் வெளிவந்த ஐபிஎம் கணினியில் காணலாம். இயந்திரத்தை மறுபடி தொடக்கத்துக்குக் கொண்டுவர டேவிட் பிராட்லி என்னும் பொறியாளர் முதலில் வைத்த மூன்று விசைகளும் இடதுபுறத்திலேயே இருந்தன. கை தவறிப் பட்டால் செய்த வேலையெல்லாம் போய்விடுமே என்று, மூன்றாவதை வலதுபுறத்து டெலீட் விசைக்கு மாற்றினார். கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் என்று உலகமே அறிந்த சேர்க்கைக்கு அப்படித்தான் இரண்டு கைகள் வேண்டியதாயிற்று. தமக்கென்று குறுக்குவிசை வைத்துக்கொள்கிறவர்கள், கடிதத்தை அனுப்பிவிடும் விசையையும் கோப்பை அழித்துவிடும் விசையையும் பிராட்லியின் வழியில் வைப்பது க்ஷேமம்.

இனி அபாயங்கள். விசைகளையெல்லாம் கவனிக்கும் நிரல் ஒன்று, விரிப்பதற்குப் பதிலாகத் திருடுவதற்கும் அதே கொக்கியைப் பயன்படுத்தலாம்; கடவுச்சொல் திருடும் நிரல்கள் அப்படித்தான் வேலை செய்கின்றன. ஆப்பிள் கணினி இத்தகைய செயலிகளுக்கு நம்மிடம் வெளிப்படையாக அனுமதி கேட்பதும், கடவுச்சொல் பெட்டியில் அவற்றின் கண்ணைக் கட்டிவிடுவதும், வைரஸ் தடுப்பு நிரல்கள் சில சமயம் குற்றமற்ற ஆட்டோஹாட்கீ நிரலையும் சந்தேகிப்பதும் இதனால்தான். பட்டியல் கோப்பை எவரும் திறந்து படிக்கலாம் என்பதால், அதில் கடவுச்சொல்லையோ வங்கிக் கணக்கு எண்ணையோ குறுக்கமாக வைப்பது வீட்டுச் சாவியை வாசலில் மாட்டுவதற்குச் சமானம்.

இதைவிட நுட்பமான அபாயம் மனத்தைச் சார்ந்தது. அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் பரவலாக வழங்கும் எபிக் என்னும் மருத்துவப் பதிவேட்டுச் செயலியில், டாக்டர் ஒரு புள்ளியிட்டு ஒரு சிறு பெயரைத் தட்டினால், இருதயத் துடிப்பு சீராக இருக்கிறது, சுவாசப்பை சுத்தமாக இருக்கிறது, வயிறு மிருதுவாக இருக்கிறது என்று ஒரு முழுப் பரிசோதனை அறிக்கையே விரிந்துவிடுகிறது. நாளொன்றுக்கு எத்தனையோ நோயாளிகளைப் பார்க்கிற டாக்டருக்கு இது வரப்பிரசாதம். ஆனால் அவர் அன்று வயிற்றைத் தொட்டுப் பார்க்காவிட்டாலும் வயிறு மிருதுவாக இருந்ததாகவே ஆவணம் சொல்லும். அடுத்து வரும் டாக்டர் அதை நம்புவார். வழக்கு வந்தால் நீதிமன்றமும் அதைக் கேட்கும். ஆஸ்பத்திரிக் குறிப்புகள் இவ்விதம் ஊதிப் பெருத்து, முக்கியமான ஒரு வரி முக்கியமில்லாத நாற்பது வரிகளுக்குள் அமிழ்ந்துபோவதைப் பற்றி அந்நாட்டு மருத்துவர்களே வெகுவாகக் கவலைப்படுகிறார்கள். பிலிப்ஸ் காலத்துத் தந்திக்காரர் விரிக்கும்போது ஒவ்வொரு சொல்லும் அவர் காதிலும் கையிலும் புகுந்து வெளியேறியது. யந்திரம் விரிக்கும்போதோ எவருடைய புத்தியிலும் புகாமலேயே ஒரு வாக்கியம் காகிதத்தில் ஏறிவிடுகிறது. இதற்கு அந்தச் செயலியிலேயே ஒரு பரிகாரமும் இருக்கிறது. விரியும் வாசகத்தில், இன்று கண்டதை இன்றே எழுத வேண்டிய இடங்களில் மூன்று நட்சத்திரக் குறிகளை விட்டுவைக்கிறார்கள். எஃப்2 விசையை அழுத்தினால் கர்ஸர் ஒவ்வொரு நட்சத்திரத்திடமும் போய் நிற்கும். மனிதர் அங்கே நிரப்பியாக வேண்டும். மாறாததை யந்திரத்துக்கு விட்டு, மாறுவதற்குப் பள்ளம் வைப்பது என்னும் இந்த ஏற்பாட்டைவிடச் சிறந்த யுக்தியை இத்துறையில் நான் கண்டதில்லை. பத்திர எழுத்தருக்கும் இது பொருந்தும். தொகை, எல்லை, சர்வே எண் இருக்க வேண்டிய இடங்களில் போன பத்திரத்தின் விவரம் ஒட்டிக்கொண்டு வரும்படி விரிவை அமைத்துக்கொள்வது ஆபத்து, வெறும் நட்சத்திரங்களை விட்டுவைப்பது பத்திரம்.

யந்திரம் நம்மைக் கேளாமலே மாற்றுவதன் விபரீதத்துக்கு இரண்டு உதாரணங்கள் பிரசித்தமானவை. ஒத்துழைப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை நடுவில் இணைப்புக் கோடில்லாமல் எழுதினால், பழைய எழுத்துப் பிழை திருத்திகள் சில அதை அறியாமல், கலிபோர்னியாவிலுள்ள குப்பர்டினோ என்னும் ஊர்ப் பெயரைச் சிபாரிசு செய்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆவணங்களிலும் ஐக்கிய நாடுகள் சபையின் ஆவணங்களிலும் தேசங்களுக்கிடையே 'குப்பர்டினோ' நிலவ வேண்டும் என்னும் பாவனையில் வாக்கியங்கள் அச்சேறின. மற்றொன்று எக்ஸெல் செயலியின் கைங்கரியம். செப்ட்1, மார்ச்1 என்று சுருக்கப் பெயருடைய மரபணுக்களை அட்டவணையில் எழுதினால், அவற்றை அது செப்டம்பர் முதல் தேதி, மார்ச் முதல் தேதி என்று மாற்றிவிட்டது. ஆராய்ச்சிக் கட்டுரைகளின் இணைப்பு அட்டவணைகளில் இந்தப் பிழை மலிந்தது. செயலியைத் திருத்தச் சொல்லிப் பயனில்லை என்று கண்டோ என்னவோ, மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் சர்வதேசக் குழு 2020-ல் மரபணுக்களின் பெயர்களையே செப்டின்1, மார்ச்எஃப்1 என்று மாற்றிவிட்டது. அந்த மாற்றத்தை நிறுத்திவைக்கும் வசதி எக்ஸெலில் வந்தது 2023-ல்.

புதிதாக ஒன்றையும் நிறுவ விரும்பாதவர்களும் இந்த வித்தையின் ருசியைப் பார்க்கலாம். ஐபோனில் விசைப்பலகை அமைப்புகளுக்குள்ளும், ஆண்ட்ராய்டில் ஜிபோர்டின் சொந்த அகராதிக்குள்ளும் குறுக்கத்தையும் விரிவையும் எழுதிவைக்க இடம் இருக்கிறது. வீட்டு முகவரி, மின்னஞ்சல் முகவரி, 'கூட்டத்தில் இருக்கிறேன், பிறகு அழைக்கிறேன்' என்பன போன்ற நாலைந்து தொடர்களை அங்கே வைத்துக்கொண்டவர்கள், கட்டைவிரலின் உழைப்பு குறைந்ததை இரண்டொரு நாளில் உணர்வார்கள்.

அலுவலகங்களில் மட்டும் இன்னொரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பிலிப்ஸின் பரிபாஷை அச்சிட்டு விற்கப்பட்டதால் தந்திக்காரர் அனைவருக்கும் அது பொதுவாக இருந்தது. இன்றைய குறுக்கங்களோ ஒவ்வொருவர் கணினியிலும் தனித்தனியே பிறந்து, இருவர் பட்டியல் ஒத்திராதபடி வளர்கின்றன. ஒருவர் மாற்றலாகிப் போகும்போது, அவர் அத்தனை வருஷம் செதுக்கிய வாக்கியங்கள் மற்றவருக்கு விளங்காத எழுத்துகளாக அந்தக் கணினியில் கிடந்துபோகின்றன. ஒரு பிரிவுக்குப் பொதுவான பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் மேலே அது எதற்காக என்று ஒரு குறிப்பு எழுதிவைப்பது அதிக வேலையன்று. 2022 டிசம்பரில் வந்த ஆட்டோஹாட்கீயின் இரண்டாம் பதிப்பில் பழைய குறுக்குவிசை நிரல்கள் பல திருத்தாமல் ஓடமாட்டா; ஆனால் இரண்டு முக்காற்புள்ளியில் தொடங்கும் எளிய குறுக்க வரிகள் அப்படியே ஓடுகின்றன. வேலைக்குப் புதிதாக வந்தவர் அந்த வரிகளை ஒருமுறை நிதானமாக வாசித்துவிட்டு, தமக்கு வேண்டாதவற்றின் முன்னே ஓர் அரைப்புள்ளியும் ஓர் இடைவெளியும் இட்டால் போதும். அப்படித் தொடங்கும் வரியை வெறும் குறிப்பென்று எண்ணி நிரல் தாண்டிப் போய்விடும்.